பன்றியின் மென்தசை: வீட்டில் பதமாகச் சமைப்பது எப்படி?

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வீதியால் களனி ஆற்றைக் கடந்து சென்றால் வருவது வத்தளை. இங்கிருந்து ஜா-எல, நீர்கொழும்பு, சிலாபம் என்று வடக்கே நீளும் கரையோரம் கத்தோலிக்கர் செறிந்து வாழும் பகுதியாகும். இலங்கையில் பன்றி வளர்ப்பும் பன்றி இறைச்சி உண்பதும் அதிகமாகக் காணப்படுவதும் இந்தக் கரையோரத்திலேதான். நத்தார், உயிர்ப்புப் பெருநாள், கோவில் திருவிழா, பிள்ளைகளின் முதல் நற்கருணை என்று எந்த விருந்து வந்தாலும் இங்கே பன்றிக் கறி மேசைக்கு வந்துவிடும்.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்து வந்து இப்பகுதியில் வாடகை வீடுகளில் வாழும் நம் விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த இறைச்சி பழக்கமானதல்ல. ஊரிலே ஆட்டை உரித்துப் பங்கிட்டவர்கள் நாம். வீட்டு முற்றத்துச் சேவலைப் பிடித்துக் குழம்பு வைத்தவர்கள் நாம். எந்தத் துண்டு பிரட்டலுக்கு, எந்த எலும்பு இரசத்துக்கு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பன்றியைப் பொறுத்தவரை அந்தக் கைப்பழக்கம் நம்மிடம் குறைவு. அதனாலேதான், "பாதர், கடைக்காரர் நல்ல துண்டு என்று சொல்லிக் கூட விலைக்குத் தந்தார். ஒன்றரை மணித்தியாலம் அவித்தும் மரத்தூள் மாதிரி வந்துவிட்டது" என்ற முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

முறைப்பாடு சொன்னவரிடமும் குறையில்லை, கடைக்காரரிடமும் குறையில்லை. அவர் வாங்கியது மென்தசை. ஒன்றரை மணித்தியாலம் அவித்தமையால்தான் அது மரத்தூளாயிற்று. கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கும் இறைச்சி இப்படி வீணாகக் கூடாது. ஆகவே இந்தத் துண்டு எது, அது ஏன் மற்றத் துண்டுகளைப் போல் நடந்துகொள்வதில்லை, அதற்கு உப்பும் புளியும் எப்படிப் போடுவது, எவ்வளவு நேரம் வேகவிடுவது என்பவற்றை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

எது மென்தசை?

பன்றியின் முதுகெலும்புக்கு உட்புறமாக, இடுப்பை நோக்கி நீளமாகக் கிடக்கும் தசை இது. ஒரு பன்றியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டே இரண்டு உண்டு. ஒருமுனை தடித்தும் மறுமுனை மெலிந்தும், மரவள்ளிக் கிழங்கைப் போன்ற உருவம் கொண்டது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும். கடைகளில் இதனை ரெண்டர்லொயின் என்றோ பிலட் என்றோ சொல்வார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். லொயின் என்று மட்டும் சொன்னால் அது முதுகெலும்புக்கு வெளிப்புறத்தில் உள்ள பெரிய தசை. தோலும் கொழுப்பும் அதன்மேல் படிந்திருக்கும். அதன் சமையல் வேறு. நமக்கு வேண்டியது உட்புறத்துச் சிறிய தசை. கையால் பிடித்துப் பார்த்தால் கொழுப்பே இல்லாததுபோல் தோன்றும். மேலே ஒரு பக்கம் வெள்ளி நிறத்தில் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். இந்த அடையாளங்களை வைத்துக் கேட்டு வாங்கலாம்.

உழைத்த தசையும் உழையாத தசையும்

ஏர் இழுத்த மாட்டை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நுகம் சுமந்த கழுத்தும், சேற்றில் ஊன்றி நடந்த காலும் இறுகிப் போயிருக்கும். உழைக்கும் தசையைத் தாங்குவதற்காக உடல் அதற்குள்ளே நார்போன்ற இணைப்புத் திசுவை வளர்த்துவிடுகிறது. இதற்குக் கொலாஜன் என்று பெயர். பன்றியின் தோள்பட்டையிலும் காலிலும் இது அதிகம். இந்த நார் வெப்பத்தில் மெதுவாக, ஈரத்தோடு, மணித்தியாலக் கணக்கில் வேகும்போதுதான் கரைந்து பசையாக மாறும். கறிக்குழம்பு கையில் ஒட்டும் பதத்துக்கு வருவது இதனாலேதான். தோள்பட்டை இறைச்சியை நீண்ட நேரம் அவிக்கச் சொல்வதும் இதற்காகவே.

மென்தசையோ பெரிய சுமை எதையும் தூக்காதது. அதில் கரைப்பதற்கு நாரும் அதிகமில்லை, உருக்குவதற்குக் கொழுப்பும் இல்லை. இருப்பது தசை இழையும் அதற்குள் அடங்கிய நீருமே. வெப்பம் 65, 70 பாகை செல்சியசைத் தாண்ட ஆரம்பித்ததும் தசை இழைகள் சுருங்கி, பிழிந்த துணியைப் போல் நீரை வெளியே தள்ளிவிடுகின்றன. தோள்பட்டையில் இப்படி நீர் போனாலும், கரைந்த பசையும் உருகிய கொழுப்பும் அந்த வறட்சியை மறைத்துவிடும். மென்தசையில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எனவே எவ்வளவு கூட நேரம் அவிக்கிறோமோ அவ்வளவுக்கு அது காய்ந்துபோகும்.

சுருங்கச் சொன்னால், உழைத்த தசைக்கு நேரம் கொடுக்க வேண்டும். உழையாத தசைக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் கீழே வரும் செய்முறைகள் எல்லாம் தாமே விளங்கும்.

இதிலே நமக்கு ஓர் இலாபமும் உண்டு. தோள்பட்டைக் கறிக்கு அடுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எரிய வேண்டும். மென்தசைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். 2022ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்காக வீதியோரம் வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வித்தியாசத்தின் பெறுமதி தெரியும். இன்னொன்று, 100 கிராம் பச்சை மென்தசையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்க, கொழுப்பு 3, 4 கிராம் அளவிலேயே உள்ளது. அதே எடை வயிற்றுப் பகுதி இறைச்சியில் பாதிக்கு மேல் கொழுப்பே. அத்தோடு பன்றி இறைச்சியில் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து மற்ற இறைச்சிகளைவிட அதிகம். 100 கிராம் மென்தசையில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் இது பெரும்பகுதி. தவிடு நீக்கிய வெள்ளை அரிசியையே நாள்தோறும் உண்ணும் குடும்பங்களுக்கு இது பயன்தரும். கொழுப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்ன முதியவர்களுக்கும் இத்துண்டு ஏற்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சாம்பல் நிறமோ பச்சை படிந்த மினுமினுப்போ இருந்தால் வாங்க வேண்டாம்.

2. விரலால் அழுத்தினால் பள்ளம் மறுபடி எழும்ப வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருக்கலாம். ஆனால் பிசுபிசுக்கக் கூடாது.

3. புளித்த மணமோ அழுகல் மணமோ வரக் கூடாது.

4. இறைச்சிக்குள் அரிசியளவிலோ கடலையளவிலோ, நீர் நிரம்பிய வெண்மையான சிறு கொப்புளங்கள் தென்பட்டால் அது நாடாப்புழுவின் இளம் பருவம். அவ்விறைச்சியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. கறிக்கும் வேண்டாம், நாய்க்கும் வேண்டாம்.

5. அனுமதிபெற்ற கடையிலேயே வாங்குங்கள். எங்கே, எப்போது அறுத்தது என்று தெரியாத இறைச்சியை மலிவு என்பதற்காகப் பையில் வாங்கி வருவது ஆபத்து.

6. காலையில் வாங்கி அன்றே சமையுங்கள். வெயிலில் பேருந்தில் இரண்டு மணித்தியாலம் பயணம் செய்த இறைச்சி, வீட்டுக்கு வரும்போதே பாதி கெட்டிருக்கும்.

இறைச்சியைக் குழாயின் கீழே பிடித்துக் கழுவும் வழக்கம் நம்மிடம் உண்டு. தெறிக்கும் நீரோடு கிருமிகளும் சம்பல் அரைக்கும் கல்லுக்கும் பக்கத்திலுள்ள கீரைக்கும் போய்ச் சேரும். கழுவித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு சட்டிக்குள் மெதுவாக அலசி, அந்த நீரைக் கவனமாக ஊற்றிவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரம் எடுக்காத இறைச்சி தாச்சியில் வறுபடாது, அவியும்.

அடுத்து, அந்த வெள்ளிச் சவ்வு. இது வெந்தாலும் கரையாது. சுருங்கித் துண்டை வளைத்துவிடும், பல்லில் இழுபடும். கத்தி நுனியைச் சவ்வின் கீழே செருகி, கத்தியின் வாயைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, சவ்வை இழுத்துப் பிடித்துக்கொண்டு நீளமாக வழித்தெடுங்கள். மீன் தோல் உரித்த கைக்கு இது பெரிய வேலையல்ல.

உப்பும் புளியும் உள்ளியும்

1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். அவர்களது நாட்டில் இறைச்சியைத் திராட்சை இரசத்திலும் உள்ளியிலும் ஊறவைத்துச் சமைக்கும் வழக்கம் இருந்தது. கோவாவிலே அது தென்னங்கள்ளு வினாகிரியும் மிளகாயும் சேர்ந்து விண்டாலு ஆயிற்று. திராட்சை இரசத்தையும் உள்ளியையும் குறிக்கும் போர்த்துக்கேயச் சொற்களே அப்பெயருக்கு மூலம். நமது மேற்குக் கரையோரத்துப் பன்றிக் கறியில் வினாகிரியையும் உள்ளியையும் இன்றும் காண்கிறோம். அவற்றோடு கொறுக்காய்ப்புளி, வறுத்த கறித்தூள், மிளகு, கறுவா ஆகிய இந்த மண்ணின் சரக்குகள் சேர்ந்து சிங்கள வீடுகளிலும் தமிழ் வீடுகளிலும் கறுப்புக் கறியாக வேகின்றன.

ஒவ்வொரு பொருளும் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அளவைக் கூட்டிக் குறைக்க நமக்கே தெரியும்.

உப்பு: சுவைக்காக மட்டுமல்ல. உப்பு தசைக்குள் இறங்கும்போது புரதங்கள் தளர்ந்து நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் பெறுகின்றன. எனவே சமைக்கும்போது குறைவான சாறே வெளியேறும். அரைக் கிலோ இறைச்சிக்குத் தூள் உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, தலைதட்டி. சமைப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே தடவ வேண்டும். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் முதல்நாள் இரவே தடவி மூடி வைக்கலாம்.

வினாகிரி: ஒரு மேசைக்கரண்டி போதும். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊறவேண்டாம். கொழுப்பில்லாத இத்துண்டு நீண்ட நேரம் புளிப்பில் கிடந்தால் மேற்பரப்பு வெளிறி, மாப்போல் ஆகிவிடும். இரவு முழுக்க ஊறவைக்கும் முறை தோள்பட்டைக்கும் வயிற்றுப் பகுதிக்கும் சரி. இதற்குச் சரியல்ல.

பப்பாசிக்காய்: முதிர்ந்த ஆட்டிறைச்சிக்கு அரைத்துப் போடுவோம். அதிலுள்ள பால் தசையைக் கரைக்கும். ஏற்கனவே மெதுவான தசைக்கு இது வேண்டவே வேண்டாம். போட்டால் களியாகிவிடும்.

கொறுக்காய்ப்புளி: சிங்களத்தில் கொறக்கா. மரத்திலிருந்து பறித்த பழத்தைப் பிளந்து உலர்த்திய கறுத்த சுளைகள். சுடுநீரில் ஊறவைத்து அரைத்துக் குழம்பில் சேர்க்க வேண்டும். புளிப்போடு கறுத்த நிறமும் தரும். இது கிடைக்காவிட்டால் நெல்லிக்காயளவு பழப்புளி போதும். சுவை சற்று வேறுபடும்.

சீனி கலந்த ஊறல்: கருகிவிடும். போடுவதானால் இறக்குமுன் ஒரு சிட்டிகை போடலாம்.

முதலாம் முறை: முழுத் துண்டாகப் பொரித்து வேகவைத்தல்

அவண் உள்ள வீடுகள் நம்மில் குறைவு. கனமான இரும்புத் தாச்சியும் பொருத்தமான மூடியும் இருந்தாற் போதும்.

தேவையானவை: மென்தசை அரைக் கிலோ, தூள் உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, கொரகொரப்பாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, இடித்த உள்ளி 6 பல், மஞ்சள் கால் தேக்கரண்டி, வினாகிரி 1 மேசைக்கரண்டி, தேங்காயெண்ணெய் 2 மேசைக்கரண்டி, வட்டமாக வெட்டிய பெரிய வெங்காயம் 2, கறிவேப்பிலை ஒரு நெட்டு, றம்பை ஒரு துண்டு, தண்ணீர் அரைக் கோப்பை.

1. சவ்வு நீக்கிய இறைச்சியில் உப்பு, மிளகு, மஞ்சள் தடவி ஒரு மணித்தியாலம் மூடி வையுங்கள். கடைசி அரை மணித்தியாலத்துக்கு உள்ளியும் வினாகிரியும் சேருங்கள்.

2. மெலிந்த முனையை உள்ளே மடித்து, சுத்தமான பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். அப்போதுதான் துண்டு முழுவதும் ஒரே பருமனாகி ஒன்றாக வேகும். கட்டாவிட்டால் தடித்த முனை வேகுமுன் மெலிந்த முனை காய்ந்துவிடும்.

3. தாச்சியை நன்றாகச் சூடாக்கி எண்ணெய் விடுங்கள். உள்ளித் துகள்களை வழித்து எடுத்துவைத்துவிட்டு இறைச்சியைப் போடுங்கள். உள்ளி இறைச்சிக்கு முன்பே கருகிக் கசக்கும் என்பதால் இப்படிச் செய்கிறோம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் அசையாமல் விட்டு, நான்கு பக்கமும் பொன்னிறமாக்குங்கள்.

4. அடுப்பைக் குறைத்து வெங்காயம், வழித்துவைத்த உள்ளி, கறிவேப்பிலை, றம்பை, தண்ணீர் சேர்த்து மூடுங்கள். பத்து நிமிடத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் வேகட்டும். இடையில் ஒருமுறை புரட்டுங்கள்.

5. தடித்த இடத்தில் கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். வரும் சாறு சிவப்பில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். நடுவில் பச்சைச் சிவப்பு இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள்.

6. இறக்கிப் பலகையில் வைத்து, மூடி, எட்டு நிமிடம் ஆறவிடுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகைக்குப் போய்விடும். ஆறும் நேரத்தில் உள்வெப்பம் நடுவுக்கும் பரவி வேக்காடு நிறைவடையும்.

7. இழை ஓடும் திசைக்குக் குறுக்காக, விரல் பருமனில் வில்லைகளாக வெட்டுங்கள். தாச்சியில் உள்ள வெங்காயச் சாற்றைச் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள்.

சோற்றோடும் பாணோடும் நன்றாகச் சேரும்.

இரண்டாம் முறை: மென்தசையில் கறுப்புக் கறி

வழமையான கறுப்புக் கறியில் இறைச்சியை முதலிலே போட்டு, குழம்பும் இறைச்சியும் சேர்ந்து நீண்ட நேரம் வற்றவிடுவார்கள். மென்தசைக்கு ஒழுங்கை மாற்ற வேண்டும். முதலில் குழம்பு, கடைசியில் இறைச்சி.

தேவையானவை: மென்தசை அரைக் கிலோ, கொறுக்காய்ப்புளி 3 சுளை, வறுத்த கறித்தூள் 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 10, உள்ளி 6 பல், இஞ்சி ஓர் அங்குலம், பச்சை மிளகாய் 2, கறுவா ஓர் அங்குலம், கராம்பு 3, ஏலம் 3, றம்பை, சேரை எனப்படும் எலுமிச்சம்புல், கறிவேப்பிலை, தேங்காயெண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் ஒன்றரைக் கோப்பை. கறுப்பாக்குவதற்குத் தேங்காய்ப்பூ 2 மேசைக்கரண்டியும் பச்சையரிசி 1 தேக்கரண்டியும்.

நம் யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போடுவதானால் அதிலேயே மிளகாய் இருப்பதால் தனி மிளகாய்த்தூளை விட்டுவிடுங்கள்.

1. இறைச்சியை ஓர் அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டி, 1 தேக்கரண்டி உப்பும் மஞ்சளும் மிளகில் பாதியும் பிரட்டி மூடி வையுங்கள். சிறிதாக வெட்ட வேண்டாம். சிறிய துண்டு விரைவில் காயும்.

2. அரிசியையும் தேங்காய்ப்பூவையும் வெறும் தாச்சியில் கடுங்கபில நிறம் வரும்வரை வறுத்து, ஊறிய கொறுக்காய்ப்புளியோடு சேர்த்து அரையுங்கள். கருகிக் கரியாகிவிடக் கூடாது.

3. மண்சட்டியில் எண்ணெய் விட்டு கறுவா, கராம்பு, ஏலம், றம்பை, சேரை, கறிவேப்பிலை போட்டு, வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்து வதக்குங்கள்.

4. தூள்களையும் மீதி மிளகையும் போட்டு ஒரு நிமிடம் கிளறி, அரைத்த கூட்டும் தண்ணீரும் விட்டு, மெல்லிய தீயில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். குழம்பு தடித்து எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். உப்புப் புளி பார்த்துத் திருத்தும் நேரம் இதுவே.

5. இப்போது இறைச்சியைப் போடுங்கள். குழம்பு மறுபடி கொதித்தவுடன் தீயைக் குறைத்து, மூடி, பத்து நிமிடம் வேகவிடுங்கள். பெரிய துண்டொன்றை வெட்டிப் பாருங்கள். நடுவிலும் நிறம் மாறியிருந்தால் இறக்கி, மூடியபடி பத்து நிமிடம் வையுங்கள்.

ஆறு பேருள்ள குடும்பத்துக்கு அரைக் கிலோ போதுமா என்று கேட்பீர்கள். பருப்பு, ஒரு மரக்கறி, தேங்காய்ச் சம்பல் ஆகியவற்றோடு போதும். இத்துண்டில் எலும்பும் தோலும் கழிவதில்லை. இருபது பேர் வரும் விருந்தென்றால் மென்தசை வாங்க வேண்டாம். கிலோவுக்கு விலை குறைந்த தோள்பட்டையை வாங்கி, பொறுமையாக அவித்தால் குழம்பும் கூடும், சுவையும் கூடும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்று சமைத்ததை அன்றே முடிப்பது நல்லது. நம் வெப்பத்தில் சமைத்த இறைச்சியை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பெட்டியில் வைத்ததை மறுநாள் ஒரு முறை மட்டும், கொதி வரும்வரை சூடாக்குங்கள்.

எவ்வளவு வேக வேண்டும்?

பன்றி இறைச்சியைச் சாம்பல் நிறமாகும்வரை அவிக்கும் வழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. அதில் புழுக்கள் இருக்கலாம் என்ற பயம் உலகெங்கும் இருந்தது. மேற்பார்வையுள்ள பண்ணைகளில் வளர்ந்த பன்றிகளைப் பற்றி அந்தப் பயம் இன்று குறைந்துள்ளது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2011இல் முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கான வெப்பத்தை 71 பாகையிலிருந்து 63 பாகை செல்சியசாகக் குறைத்தது. அதன்பின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்றும் சொன்னது. அரைத்த இறைச்சிக்கு 71 பாகையே நீடிக்கிறது.

நமது நிலை வேறு. இங்கே விற்கப்படும் இறைச்சியில் ஒரு பகுதி திறந்தவெளியில் மேய்ந்த பன்றியுடையதாக இருக்கலாம். ஆகவே நடுவில் 70 பாகை வரும்வரை, அதாவது சிவப்பு மறைந்து சாறு தெளியும்வரை, வேகவையுங்கள் என்பதே நமது ஆலோசனை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் இதில் விதிவிலக்கே வேண்டாம். 70 பாகைக்கும் மரத்தூளுக்கும் இடையே நல்ல இடைவெளி உண்டு. பாதுகாப்பும் மென்மையும் ஒன்றாகக் கிடைக்கும்.

நாடாப்புழுவைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்த வேண்டும். சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் புழு வளரும். ஆனால் மூளையில் கட்டிகள் உண்டாகி வலிப்பு வருவது நேரடியாக இறைச்சியால் அல்ல. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள், கழுவாத கை வழியாகவோ நீர் வழியாகவோ கீரை வழியாகவோ இன்னொருவரின் வாய்க்குள் போவதால் அது வருகிறது. பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காதவருக்கும் இது வரலாம். இந்நோய் பரவலாக உள்ள நாடுகளில் வலிப்புக்கு இது ஒரு முக்கிய காரணமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே மூடிய மலசலகூடம், சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், பன்றியை மனித மலம் உள்ள இடத்தில் மேயவிடாமை ஆகிய மூன்றும் சமையலைப் போலவே முக்கியம். பத்துக் குடும்பங்கள் ஒரே கிணற்றையும் ஒரே மலசலகூடத்தையும் பாவித்த முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பன்றி வளர்க்க எண்ணுவோருக்கு

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன்பின் காணி திரும்பக் கிடைத்த குடும்பங்களில் சிலர் பன்றி வளர்ப்பைப் பற்றி நம்மிடம் விசாரிக்கிறார்கள். அவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற நோய் 1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2018இல் சீனாவிலும் 2020இல் இந்தியாவின் அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் பரவியது. 2024 ஒக்ரோபரில் இலங்கையிலும் கண்டறியப்பட்டு, மேல் மாகாணப் பண்ணைகள் உட்படப் பல இடங்களில் பன்றிகள் இறந்தன. முழு நாடும் நோய் அபாயப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. நன்கு வெந்த இறைச்சியை உண்பதால் நமக்குத் தீங்கில்லை. ஆனால் பன்றிகளுக்கு இது பெரும்பாலும் மரணமே. இதன் வைரசு பச்சை இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் நீண்ட காலம் உயிரோடிருக்கும். ஆகவே நீங்கள் வழித்தெறியும் சவ்வும், இறைச்சி அலசிய நீரும், மீந்த துண்டுகளும் எந்தப் பன்றித் தொட்டிக்கும் போகக் கூடாது. ஆழமாகப் புதையுங்கள். வீட்டிலும் உணவகத்திலும் மீந்த உணவைப் பன்றிக்குக் கொடுக்காமலிருப்பதே சிறந்தது. நமது சமையலறைக் கழிவு இன்னொரு ஏழை விவசாயியின் பட்டியை ஒரே வாரத்தில் வெறுமையாக்கிவிடலாம். பன்றிகள் காய்ச்சலோடு தீன் தின்னாமல் கிடந்தால், விற்கவோ அறுக்கவோ அவசரப்படாமல், அரச கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள்.

அயலவரை நினைத்து

வத்தளையிலும் மாபோலவிலும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், ஒரே வளவுக்குள் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம், பௌத்த குடும்பங்கள் சுவரோடு சுவராக வாழ்கின்றன. வாடகை வீட்டில் சமையலறை பொதுவாகவும் இருக்கலாம். பன்றி இறைச்சி முஸ்லிம் மக்களுக்கு விலக்கப்பட்டது. இந்துக்கள் பலர் இறைச்சியே உண்பதில்லை. உணவின் பொருட்டுச் சகோதரனை வருத்தாதே என்ற கருத்தை புனித பவுல் உரோமைத் திருச்சபைக்கு எழுதிய திருமுகத்தில் வலியுறுத்துகிறார். இதைச் சமையலறையில் கடைப்பிடிப்பது கடினமல்ல.

பன்றி சமைக்கத் தனிச் சட்டி, தனி அகப்பை, தனிப் பலகை வையுங்கள். பொது அம்மியில் இதற்கான கூட்டை அரைப்பதாயின் இறைச்சி தொட்ட கையோடு தொடாதீர்கள். பொதுக் குளிர்சாதனப் பெட்டியில் மூடியில்லாமல் வைக்காதீர்கள். சமைத்த எண்ணெயை மறுபடி பொதுப் பாவனைக்கு எடுக்காதீர்கள். வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் கறி எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நத்தாருக்கு அயல்வீட்டுக்குத் தட்டு அனுப்பும்போது அவர்களுக்குக் கேக்கும் வாழைப்பழமும் அனுப்புங்கள். ஊரையும் காணியையும் இழந்து வந்த நமக்கு இன்று மிஞ்சிய பெரிய சொத்து அயலவரின் நல்லெண்ணமே. ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்தவர்கள் அவர்கள்தாம்.

இறுதியாக

மேலே சொன்னவற்றுள் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டத்தக்கவை ஐந்து. சவ்வை நீக்குங்கள். உப்பை முந்தியும் வினாகிரியைப் பிந்தியும் போடுங்கள். குழம்பை முதலில் வற்றவைத்து இறைச்சியைக் கடைசியில் சேருங்கள். சிவப்பு மறைந்து சாறு தெளிந்தவுடன் இறக்குங்கள். வெட்டுமுன் ஆறவிடுங்கள்.

முதல் தடவை சிறிய துண்டொன்றை வாங்கிச் செய்து பாருங்கள். உங்கள் அடுப்பின் சூடு, உங்கள் தாச்சியின் கனம் என்பவற்றுக்கு ஏற்ப நிமிடங்கள் சற்றுக் கூடலாம், குறையலாம். அதைக் கண்டு குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த நத்தாருக்கு அந்தக் கணக்கு கைகொடுக்கும். பக்கத்து வீட்டுச் சிங்களத் தாயிடம் அவர் கொறக்கா எவ்வளவு போடுகிறார் என்றும் கேட்டுப் பாருங்கள். அவரும் நம் கறித்தூளின் அளவைக் கேட்பார். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒருவர் செய்து காட்டி மற்றவர்கள் பார்த்துப் பழகுவது இன்னும் நல்லது.